மூன்றாம் மாடி, வலது பக்க வீடு

சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு உள்ளே இருந்தவர்கள்:

நான்.
வீட்டைச் செய்த கலைஞர்.
விழா ஒருங்கிணைப்பாளர்.
ஒலிக்காரர்.
குழந்தையை வண்டியில் தள்ளிக்கொண்டு வந்த ஒரு அம்மா.
கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர்.
மொத்தம் ஏழு.

விழா வரைபடத்தின் பின்பக்கத்தில், நீல மையில் இந்தப் பட்டியல் எழுதப்பட்டிருந்தது. எழுதிய பெண் மேசைக்கு எதிரே உட்கார்ந்து தன் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் நடக்கும் கலை விழாவில், பழைய தபால் கட்டடத்தின் முதல் மாடிக் கூடத்துக்கு அவர்தான் பொறுப்பாளர். வருகிறவர்களை எண்ணும் சின்னக் கருவியைப் பதினெட்டு நாளாக அழுத்தி அழுத்தி விரல் நுனி காய்த்துப் போயிருந்தது.

"குழந்தையைச் சேர்த்தா எட்டு," என்றாள் கியர்.

"கைக்குழந்தைக்கு நாங்க அழுத்த மாட்டோம்."

கியர் என்பது வீட்டார் வைத்த பெயர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். பேச்சிலும் நாலாவது கியரிலிருந்து இறங்குவதில்லை. பொறுப்பாளர் அவளுக்குக் கீழ் வீட்டுக்காரர். அழுதுகொண்டு படியேறியவரை அவள்தான் நேராகத் தன் அக்கா கணவரிடம் அழைத்து வந்திருந்தாள்.

அவர் இருபத்தாறு வருஷம் காப்பீட்டு நிறுவனத்துக்காக எரிந்த கடைகளைப் பார்வையிட்டவர். தானாக எரிந்ததா, எரித்ததா என்று சொல்வது வேலை. வேலையை விட்டும் எல்லாருக்கும் அவர் சர்வேயர்தான். மனைவி வேறு நாட்டில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவளுடைய வீட்டுச் செருப்பு இன்னும் வாசலிலேயே கிடந்தது. அதை மிதிக்காமல் தாண்டி வருவது அந்த வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் பழகிப்போயிருந்தது.

"முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றார் சர்வேயர்.

"கூடத்துக்குள்ள ஒரு வீடு இருக்கு சார். நிஜ வீடு. மேம்பாலம் கட்ட ஒரு பழைய குடியிருப்பை இடிச்சாங்கல்ல, அதுல ஒரு வீட்டை அப்படியே பெயர்த்துக்கிட்டு வந்து வச்சிருக்காங்க. சுவர்ப் பலகை, கதவு, அடுப்பு, பாத்திரம், எல்லாம். பேரு 'மூன்றாம் மாடி, வலது பக்கம்'. உள்ள ஒரு போன் இருக்கு. வீட்ல ஆள் இல்லாதப்போ பேசறவங்க குரலைப் பிடிச்சு வைக்குமே, அந்தப் பழைய போன். ரிசீவரை எடுத்தா ஒரு பொம்பளைக் குரல் கேக்கும். அந்தக் கேசட் காணோம்."

"பெரிசா?"

"தீப்பெட்டி அளவு. ஒரு மணிக்குக் கூடத்தை மூடிக் கால் மணி இடைவேளை விடுவோம். பன்னிரண்டு அம்பத்தொம்பதுக்குக் கலைஞர் அம்மாவே ரிசீவரை எடுத்துக் கேட்டாங்க, பேசிச்சு. அவங்களும் நானும்தான் கடைசியா வெளிய வந்தோம். உள்ள போனவங்க இருநூத்திப் பன்னிரண்டு, வெளிய வந்தவங்க இருநூத்திப் பன்னிரண்டு. பூட்டிச் சாவியைப் பையில போட்டேன். கூடத்துக்கு ஒரே வாசல். ஜன்னலையெல்லாம் செங்கல் வச்சு அடைச்சாச்சு. ஒலிக்காரர் அந்த வாசல் எதிர்லயே படியில உக்காந்து சாப்பிட்டார். ஒண்ணே காலுக்குத் திறந்தேன். முதல்ல வந்தவர் ரிசீவரை எடுத்தார். பேச்சு இல்ல."

"அப்போ?"

"ஒண்ணரைக்கு எல்லாரையும் அனுப்பிட்டுக் கூடத்தைச் சாத்திட்டாங்க. கீழ் வாசல்ல எல்லார் பையையும் கொட்டிப் பாத்தாங்க. எதுவும் இல்ல. சாவி என்கிட்ட மட்டும்தான் இருந்துச்சு. நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள கிடைக்கலன்னா, நான்தான் எடுத்தேன்னு போலீஸ்ல எழுதிக் கொடுத்துடுவாங்களாம்." கொஞ்சம் நிறுத்தி, "அந்தக் குரலை நான் தினமும் ஆயிரம் தடவை கேட்டிருக்கேன் சார். அதை நான் ஏன் திருடப் போறேன்?" என்றார்.

அது நியாயமான கேள்விதான் என்று சர்வேயருக்குத் தோன்றியது. அவர் சட்டையை மாற்றிக்கொண்டார்.

நடந்தே போனார்கள். விழா ஊரை ஒரு வழி பண்ணியிருந்தது. ரவுண்டானாவில் நாற்பது கதவுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். ஆற்றில் ஒரு படகு கவிழ்ந்து மிதந்தது. அது கவிழவில்லை, அப்படித்தான் செய்தது என்று பலகையில் எழுதியிருந்தது. பாலத்தின் நடுவே ஒரு பெண் இடுப்பு வரை கூந்தலை அவிழ்த்துவிட்டுச் சீவிக்கொண்டிருந்தாள். கியர் அவளிடம் என்ன எண்ணெய் தேய்க்கிறாள் என்று கேட்டாள். பதில் இல்லை. மறுபடி கேட்டாள். சீப்பு மேலிருந்து கீழே இறங்கியது, அவ்வளவுதான்.

"அவங்க வேலையில இருக்காங்க," என்றார் பொறுப்பாளர் மெதுவாக. "காலைல பத்துலேர்ந்து ஆறு வரைக்கும் சீவறதுதான் வேலை. இந்த மாதிரி நடத்திக் காட்டறவங்களை நாங்க தொந்தரவு பண்ணக் கூடாது. அவங்களுக்கு அடையாள அட்டைகூடக் கிடையாது. கழுத்துல தொங்கினா பாக்க நல்லா இருக்காதாம்."

"எங்க மாமியார்கூட இப்படித்தான், கேட்டா பதில் வராது," என்றாள் கியர். "அட்டையும் கிடையாது."

தபால் கட்டடத்தின் கூடம் உயரமாக, காலியாக இருந்தது. நடுவில் வீடு. வெளியிலிருந்து பார்த்தால் முட்டுக்கொடுத்த பலகைகள், ஒரு கதவு. கதவின் கீழே மடித்த அட்டை ஒன்று செருகியிருந்தது, சாத்திக்கொள்ளாதபடி.

"இதை யார் வச்சது?"

"தெரியல சார். கதவு சாத்தியே இருக்கணும், வர்றவங்க தள்ளித் திறக்கணும்னு கலைஞர் அம்மா சொல்லுவாங்க. தினமும் எடுத்துப் போடறேன். மறுபடி இருக்கும். அவங்களே மனசு மாறி வைக்கறாங்கன்னு விட்டுட்டேன்."

உள்ளே ஒரே அறை. ஒரு பக்கம் அடுப்பும் அலமாரியும், மறுபக்கம் ஜன்னலும் அதன் அருகே ஒரு நாற்காலியும். ஜன்னலுக்கு வெளியே செங்கல் சுவர். சுவரில் ஒரு கண்ணாடி. முக்காலிமேல் போன். சர்வேயர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். எரிந்த கடைகளில் பழகியது: முதல் பத்து நிமிஷம் எதையும் தொடக் கூடாது.

கலைஞர் வந்தார். நாற்பது வயதிருக்கும். கோபத்தை இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்தார்.

"தயவுசெஞ்சு எதையும் நகர்த்தாதீங்க. ஒவ்வொரு பொருளும் அளவு பார்த்து வச்சது. மதியம் இவங்க தேடறோம்னு வந்தப்பவும் அதைத்தான் சொன்னேன். தரையில தேடுங்க, பொருளைத் தொடாதீங்கன்னு."

"அந்தக் கேசட்டுக்கு நகல் இருக்கா?"

"கிடையாது. அதுதான் இந்த வேலையே. ஆயிரக்கணக்கான பேர் கேக்கணும், கேக்கக் கேக்கக் குரல் தேயணும், முப்பதாவது நாள் வெறும் இரைச்சல்தான் மிஞ்சணும். வீடு போச்சு, குரலும் போகும். புரியுதா?"

"புரியுது," என்றார் சர்வேயர். புரிந்தது, பிடிக்கவில்லை.

பின்னாலேயே ஒலிக்காரர் வந்தார். வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு பேசுகிற மனிதர். "நான் அப்பவே தலைதலையா அடிச்சுக்கிட்டேன். நகல் எடுத்துடலாம், நாடா பாவம், ஆரம்பம்தான் முதல்ல போகும்னு. முதல் வாரம் இருந்த குரல் இப்ப இல்ல. பாதிதான்."

"போன்ல இந்தக் கேசட் மூடியைத் திறக்கறது சுலபமா?"

"சுலபமா? கொக்கி உடைஞ்சது. இடது மூலையை அழுத்திக்கிட்டே கீழேர்ந்து ஒரு தட்டு தட்டணும். எனக்கே அரை நாள் ஆச்சு கண்டுபிடிக்க. எடுத்தவன் ஒரு கீறல் இல்லாம எடுத்திருக்கான்." சொல்லிவிட்டு, அது தனக்கே எதிராகத் திரும்புவதை உணர்ந்தவர்போல் குண்டூசியை வாயிலிருந்து எடுத்தார். "சார், நான் படியிலதான் இருந்தேன்."

"குரல் என்ன சொல்லும்?"

ஒலிக்காரரும் கலைஞரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சொன்னது பொறுப்பாளர்தான். கண்ணை மூடி, வேறொருத்தியின் மூச்சோடு சொன்னார்:

"'நான்தான். இன்னும் அரை மணி ஆகும், பஸ் வரல. பால் அடுப்புல இருக்கு, இறக்கி வச்சிடுங்க. கதவைப் பூட்டிடாதீங்க, சாவியை மறந்துட்டேன். ம்... அவ்ளோதான். வச்சிடறேன்.'"

கியர் அடுப்புப் பக்கம் திரும்பினாள்.

வாசலருகே வருகையாளர் கருத்தேடு இருந்தது. சர்வேயர் அன்றைய பக்கத்தைப் படித்தார். 'என் சின்ன வயசு வீடு ஞாபகம் வந்தது.' 'எண்ணெய்ப் பிசுக்கைக்கூடத் துடைக்காமல் வைத்திருக்கிறார்கள், அபாரம்.' 'போனில் குரல் சரியாகக் கேட்கவில்லை.' 'எங்கள் பாப்பாவுக்கு ரொம்பப் பிடித்தது. தாத்தாவுக்கு டாட்டா காட்டிவிட்டு வந்தாள்.' 'கழிப்பறை எங்கே என்று எழுதி வைக்கவும்.'

"அந்தக் கழிப்பறைக்காரர்தான் அத்தான் உண்மையைச் சொல்லியிருக்கார்," என்றாள் கியர்.

சர்வேயர் ஏட்டை மூடிப் பொறுப்பாளர் பக்கம் திரும்பினார். "தினமும் காலைல படம் எடுப்பீங்களா?"

"நிலைப் படமா? ஆமா சார், திறக்கறதுக்கு முன்னாடி நாலு படம். பொருள் சேதமாச்சான்னு பாக்க. பதினெட்டு நாள் படமும் என் செல்போன்ல இருக்கு."

"யாராவது அதைத் திரும்பப் பாத்திருக்காங்களா?"

"எதுக்கு சார் பாக்கணும்? எடுக்கணும், அவ்வளவுதான்."

கியருக்கு இப்படிப்பட்ட வேலை என்றால் உயிர். செல்போனை வாங்கிக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முக்கால் மணி நேரத்தில் எழுந்தாள்.

"நாலு விஷயம், அத்தான். ஒண்ணு, முதல் நாள் படத்துல பால் பாத்திரம் அடுப்புமேல இருக்கு. ரெண்டாவது நாள் கீழ மேடைல இருக்கு. நாலாவது நாள் மறுபடி மேல. அஞ்சாவது நாள் கீழ. அப்புறம் கீழயேதான்."

"நான்தான் ரெண்டு மூணு தடவை மேல வச்சேன்," என்றார் கலைஞர். "இவங்க ஆளுங்க இறக்கி வச்சுக்கிட்டே இருந்தாங்க. அலுத்துப் போச்சு."

"நாங்க தொடறதே இல்ல!" என்றார் பொறுப்பாளர்.

"சண்டை அப்புறம். ரெண்டு, வாசக் கதவு அட்டை. மூணாவது நாள்லேர்ந்து. மூணு, அந்தக் கண்ணாடி. முதல்ல என் உயரத்துக்கு இருந்துச்சு. ஆறாவது நாள் ஒரு சாண் கீழ இறங்கியிருக்கு. அதுவும் புது ஆணி இல்ல. பழைய ஓட்டை சுவர்லயே இருக்கு, அதுல மாட்டியிருக்காங்க. நாலு, அந்தத் தையல் டப்பா. பதினெட்டு நாளும் மேல் அலமாரில. இன்னிக்குக் காலைலகூட. இப்போ பாருங்க, ஜன்னல் திட்டுல."

நீல நிறத் தகர டப்பா. மூடியில் ஒரு பூ, பாதி அழிந்தது. கியர் கையை நீட்டினாள்.

"தொடாத," என்றார் சர்வேயர்.

"அத்தான், ஒருவேளை உள்ள—"

"தொடாத. நாளைக்குக் காலைல வழக்கம் போலத் திறங்க," என்றார் பொறுப்பாளரிடம். "எல்லாப் பணியாளர்களும் வழக்கம் போல வரட்டும். இன்னிக்கு நல்லாத் தூங்குங்க. கேசட் எங்கயும் போகல."

திரும்பும் வழியில் கியருக்குப் பொறுக்கவில்லை. "ஒலிக்காரர்தான். மூடியைத் திறக்கத் தெரிஞ்சவர் அவர் மட்டும்தான், நாடா தேயறதுல அவருக்குக் கோபம். இல்ல, கலைஞரே எடுத்துட்டு எடுக்கலன்னு நடிக்கறாங்க, பேப்பர்ல வரணும்னு. ஒருங்கிணைப்பாளர் எங்க போனார் ஒரு மணிக்கு?"

"அடுத்த கட்டடத்துல ஒரு கூட்டம். முப்பது பேர் பாத்திருக்காங்க."

"அப்போ பூட்டின அறைக்குள்ள பேயா?"

"பேய் கண்ணாடியை இறக்கி மாட்டுமா?"

பஸ் நிறுத்தத்தில் ஒரு மனிதர் மடியில் பையோடு அசையாமல் உட்கார்ந்திருந்தார். சாயங்கால வெயில் ஒரு பக்கமாக முகத்தில் விழுந்திருந்தது. கியர் நின்றாள். அவரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பக்கத்துக் கம்பத்திலிருந்த பலகையைப் படித்தாள். அதில் பஸ் எண்கள் இருந்தன. குனிந்து அவர் காலணியை ஆராய்ந்தாள்.

"நல்லாப் பண்ணியிருக்காங்க," என்றாள். "பையிலகூட நிஜக் கத்திரிக்கா."

"என்னம்மா வேணும்?" என்றார் அந்த மனிதர்.

கியர் துள்ளிக் குதித்தாள். "ஐயோ! நீங்க... வேலையில இல்லையா?"

"வேலை முடிஞ்சுதான் வீட்டுக்குப் போறேன். பஸ் வரட்டும்."

கியர் தலையில் கை வைத்துக்கொண்டு ஓடினாள். தெருமுனை வரை சிரித்தாள். திரும்பிப் பார்த்தபோது சர்வேயர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். பஸ் நிறுத்தத்து மனிதரைப் பார்க்கவில்லை. வெறும் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அத்தான்?"

"ஒண்ணுமில்ல. நீ இன்னிக்கு ஒரு நல்ல காரியம் பண்ணின."

"எது?"

"அசடு வழிஞ்சது."

வீட்டு வாசலில் அவர் மனைவியின் செருப்பைத் தாண்டி உள்ளே போனார். கியர் வழக்கம்போல், "இதை எடுத்து உள்ள வச்சா என்ன?" என்றாள். வழக்கம்போல் அவர் விளக்கைப் போடப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்குக் கூடத்து வீட்டுக்குள் நின்றுகொண்டிருந்தார்கள். கலைஞர் அடுப்போரம். ஒலிக்காரர் அலமாரியில் சாயாமல் சாய்ந்தபடி. பொறுப்பாளர் கையில் எண்ணும் கருவி. ஒருங்கிணைப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முப்பது இடங்களில் விழாவை நடத்துகிற மனிதர், எந்த இடத்திலும் முழுசாக நிற்காதவர்.

"பத்து மணிக்கு ஆள் வந்துடும். சுருக்கமாச் சொல்லுங்க," என்றார். "இவங்ககிட்ட மட்டும்தான் சாவி. எனக்கு இதுல குழப்பமே இல்ல."

"எனக்கும் இல்ல," என்றார் சர்வேயர். "முதல்ல ஒரு விஷயம். திருடன் நுழைஞ்ச அறை கலைஞ்சிருக்கும். இந்த அறை பதினெட்டு நாளாக் கொஞ்சம் கொஞ்சமா ஒழுங்காகியிருக்கு. கண்ணாடியை ஒரு சாண் கீழ மாட்டினது யாரு? அந்த ஆணி ஓட்டை இந்த வீடு வேற இடத்துல இருந்தப்பவே இருந்தது. இங்க ஒரு குள்ளமான பெண் இருந்திருக்கா. அவ முகம் தெரியற உயரம் அது. நீங்க அளவு பார்த்து மாட்டினது உங்க முகம் தெரியற உயரம்."

கலைஞர் கண்ணாடியைப் பார்த்தார். அதில் அவர் கழுத்து மட்டும் தெரிந்தது.

"பால் பாத்திரத்தை இறக்கி வச்சாங்க. கதவு சாத்திக்காம அட்டை வச்சாங்க. இந்த ரெண்டும் எங்கேர்ந்து வந்ததுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். தினம் நானூறு பேர் அந்தக் குரலைக் கேட்டாங்க. 'பாலை இறக்கி வைங்க'ன்னா நானூறு பேரும் ஆஹான்னு கேட்டுட்டுப் போனாங்க. ஒருத்தர் மட்டும் இறக்கி வச்சார். ஏன்னா அது அவர்கிட்ட சொன்னது."

ஒலிக்காரரின் குண்டூசி கீழே விழுந்தது.

"இந்த வீட்டுக்காரரா?" என்றாள் கியர்.

"உடைஞ்ச கொக்கியை எப்படித் திறக்கணும்னு தெரிஞ்சவர். நாடாவைத் தூக்கிட்டு ஓட ஆசைப்பட்டவர் இல்ல. ஆசைப்பட்டிருந்தா முதல் நாளே போயிருக்கலாம். பதினெட்டு நாள் கேட்டார். கேக்கக் கேக்கக் குரல் குறையறதைக் கேட்டார். நேத்து அதை நிறுத்தினார்."

வெளியே கூடத்தில் பணியாளர்கள் ஒவ்வொருவராக வரும் காலடிச் சத்தம் கேட்டது. சர்வேயர் பேச்சை நிறுத்திக் கொஞ்சம் காத்திருந்தார். யாரோ வழிவிடச் சொல்லி இருமினார்கள். பொறுப்பாளர் தலையசைத்து ஒதுங்கினார்.

"சரி சார்," என்றார் ஒருங்கிணைப்பாளர். "ஆனா பூட்டின கூடத்துக்குள்ள அவர் எப்படி வந்தார்? உள்ள போனது இருநூத்திப் பன்னிரண்டு, வெளிய வந்தது இருநூத்திப் பன்னிரண்டு. பட்டியல்ல ஏழு பேர். ஏழு பேரும் வெளிய."

"வரல. வெளிய போகல, அவ்வளவுதான்." சர்வேயர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நீங்க பெரிய விழா நடத்தறவர். ஒரு உதவி பண்ணுங்க. இப்போ இந்த அறையில எத்தனை பேர் இருக்கோம்? எண்ணிச் சொல்லுங்க."

ஒருங்கிணைப்பாளர் எரிச்சலோடு விரல் விட்டார். "நீங்க, உங்க மச்சினி, கலைஞர், ஒலிக்காரர், இவங்க, நான். ஆறு."

"மறுபடி எண்ணுங்க."

"ஆறுதான்!"

கியர் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜன்னலருகே நாற்காலியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். துவைத்து வெளுத்த முழுக்கைச் சட்டை. காலடியில் சாப்பாட்டு டப்பா. முகம் போன் பக்கம் திரும்பியிருந்தது.

"இவரா?" ஒருங்கிணைப்பாளர் சிரித்தேவிட்டார். "இவரை எப்படிச் சேக்கறது? இவர் கலைஞர் ஏற்பாடு பண்ணின நடிகர்!"

"நானா?" என்றார் கலைஞர். "நீங்க போட்ட காவலாளி இல்லையா? வீட்டுக்குள்ள சீருடை வேண்டாம்னு நான்தானே கேட்டிருந்தேன்."

"நான் உங்க அப்பான்னு நினைச்சேன்," என்றார் ஒலிக்காரர் கலைஞரிடம், குரல் இறங்கி.

எல்லாரும் பொறுப்பாளரைப் பார்த்தார்கள். அவர் கண் கலங்கியிருந்தது. "எங்களோடயே வருவார், எங்களோடயே போவார். தினமும் வணக்கம் சொல்லியிருக்கேன். நடத்திக் காட்டறவரைக் கணக்குல அழுத்தக் கூடாதுன்னு அழுத்தல. ஒரு மணிக்கு எல்லாரையும் வெளிய அனுப்பினேன். இவர் நாற்காலியில இருந்தார். கலைப்பொருளை எழுந்திரின்னு எப்படி சார் சொல்றது?"

"அந்தக் குழந்தைக்கு மட்டும்தான் சரியாத் தெரிஞ்சிருக்கு," என்றார் சர்வேயர். "தாத்தாவுக்கு டாட்டா காட்டியிருக்கு."

பெரியவர் எழுந்தார். பதினெட்டு நாளில் முதல் முறையாகப் பேசினார்.

"நான் யாரையும் ஏமாத்த வரல. பஸ் நிறுத்தத்துல உங்க விளம்பரத்தைப் பாத்தேன். எங்க வீட்டு அடுப்பு. வந்து உக்காந்தேன். யாராவது எழுந்திரின்னு சொன்னா போயிடலாம்னு இருந்தேன். யாரும் சொல்லல."

"ஏன் எங்ககிட்ட சொல்லல?" என்றார் கலைஞர்.

"என்னன்னு சொல்றதும்மா? வீட்டை இடிக்கறப்போ ஒரு பெட்டியோட தம்பி மகன் வீட்டுக்குப் போயிட்டேன். அவ போய்ச் சேந்து அப்போ ஒரு வருஷம். மத்த சாமானெல்லாம் எதுக்குன்னு விட்டுட்டேன். அந்த போன் ரிப்பேர்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அவ குரல் அதுக்குள்ள இருக்குன்னு எனக்குத் தெரியாது. நீங்க சரி பண்ணியிருக்கீங்க. அதுக்கு உங்களுக்குக் கோயில் கட்டலாம்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "முதல் நாள் 'நான்தான்'னு தெளிவாச் சொன்னா. போன வாரம் அது போயிடுச்சு. நேத்து பஸ் வரலங்கறதும் போயிடுச்சு. மதியம் நீங்க ரிசீவரை வச்சிட்டுத் தலையாட்டினீங்க, நல்லாத் தேயுதுன்னு. நீங்க போனதும் எடுத்துட்டேன்."

கலைஞர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் தயார் செய்து வைத்திருந்த எல்லா வாக்கியங்களும் அந்த அறைக்கு வெளியே எழுதப்பட்டவை.

"எடுத்துக்கிட்டு ஓடியிருக்கலாமே?" என்றாள் கியர்.

"எங்கம்மா எடுத்துட்டுப் போறது? வீடு இங்க இருக்கு."

சர்வேயர் ஜன்னல் திட்டைக் காட்டினார். "அவங்க தைக்கற இடமா இது?"

"வெளிச்சம் இங்கதான் நல்லா வரும். தொலையக் கூடாததையெல்லாம் அதுலதான் போட்டு வைப்பா." பெரியவர் நீல டப்பாவைத் திறந்தார். நூல்கண்டுகளுக்கும் பொத்தான்களுக்கும் நடுவே தீப்பெட்டி அளவில் கேசட் இருந்தது. எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார், பொறுப்பாளரிடம். "உன்னைச் சந்தேகப்படுவாங்கன்னு தோணலம்மா. தோணியிருக்கணும். மன்னிச்சுக்கோ."

பொறுப்பாளர் வாங்கிக்கொள்ளவில்லை.

"போலீஸுக்கு—" என்று ஆரம்பித்தார் ஒருங்கிணைப்பாளர்.

"சும்மா இருங்க," என்றார் கலைஞர். அவர் பெரியவரின் கையிலிருந்த கேசட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது என் வேலை. எது தேயணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன்." ஒலிக்காரர் பக்கம் திரும்பினார். "ஒரு தடவை ஓட்டினா நகல் எடுத்துடலாமா?"

"ஒரே தடவை போதும். இப்பவே மிஷினோட வயரை மாட்டி வெளிய இழுத்துடறேன். வெளியில நான் பதிவு பண்ணிப்பேன். உள்ள ஆள் இருக்கணும்னு அவசியம் இல்ல."

"இருந்தா?"

"இருந்தாலும் கெடாது."

"அப்போ பத்து மணிலேர்ந்து நகல் தேயட்டும்," என்றார் கலைஞர். "அசல் உங்களோடது. இந்த வீட்டைப் பன்னிரண்டு நாள் கழிச்சுப் பிரிச்சு வேற ஊருக்கு அனுப்பறாங்க. அதை நிறுத்த என்னால முடியாது. கேசட் உங்களோடது."

பெரியவர் தலையை ஆட்டினார். நன்றி சொல்லவில்லை; சொல்ல வேண்டிய இடமாக யாருக்கும் தோன்றவில்லை. "அந்த ஒரு தடவை நான் தனியாக் கேக்கலாமா?"

ஒலிக்காரர் வயரை இழுத்து முடித்தார். எல்லாரும் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கடைசியாக வந்த சர்வேயர் வாசலில் நின்று, கதவடியிலிருந்த அட்டையைக் காலால் தள்ளப் போனார். பிறகு தள்ளாமல் பெரியவரைப் பார்த்தார்.

"அது இருக்கட்டும்," என்றார் பெரியவர். "நானே எடுக்கறேன்."

வெளியே நின்றார்கள். மணி ஒன்பது ஐம்பத்தொன்று. கீழே வரிசை சேரும் சத்தம் கேட்டது. கியர் சர்வேயரின் காதருகே வந்தாள்.

"அத்தான், அந்தக் கண்ணாடி, கதவு எல்லாம் எப்படி உடனே புரிஞ்சுது உங்களுக்கு?"

அவர் கதவடி அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கியர் எதையோ நினைத்துக்கொண்டவள்போல் சட்டென்று தன் கால் செருப்பைப் பார்த்தாள்.

உள்ளே மூடி ஒரு தட்டில் திறந்து, மூடிக்கொள்ளும் ஓசை. பெரியவர் வாசலுக்கு வந்தார். குனிந்து அட்டையை எடுத்தார். நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கதவைச் சாத்தினார்.

"அது பூட்டாது," என்றார் கலைஞர் மெதுவாக. "வாங்கறப்பவே அதுக்குச் சாவி இல்ல."

கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு சாவிக்கொத்து குலுங்கியது. பிறகு பூட்டு திரும்பியது, ஒரு முறை, இன்னொரு முறை.